கடலோரத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க: திருச்செந்தூரா, மணப்பாடா, உவரியா?

வண்ணாரப்பேட்டை வாசி

எல்லாருக்கும் வணக்கம். வீடு திருநெல்வேலி பாளையில் (பாளையங்கோட்டை). பெங்களூர் கம்பெனி, லண்டன் டீம். மதியம் ஒன்றரைக்கு லாகின், ராத்திரி பத்தரைக்கு முடியும். எந்த ஊரில் இருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். அம்மாவுக்குத் திருச்செந்தூரில் ஒரு மண்டலம் தங்கி தினமும் கோயிலுக்குப் போக வேண்டும் என்று வெகுநாள் ஆசை. எனக்குக் கடல் பக்கத்தில் இருந்தால் போதும். மாசிக் கடைசியில் போய் வைகாசி வரை இருக்கலாம் என்று ஒரு கணக்கு.

நெட் அறுந்துபோகாத, கால் பேசச் சத்தமில்லாத இடம் அந்தப் பக்கம் எங்கே கிடைக்கும்? கோவர்க்கிங் மாதிரி ஏதாவது உண்டா? ஒரு காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் லேப்டாப்போடு உட்கார விடும் கடை? மணப்பாடும் உவரியும் ரொம்ப அமைதி என்கிறார்கள். அங்கே வீடு எடுத்துவிட்டு அம்மாவைப் பஸ்ஸில் திருச்செந்தூருக்கு அனுப்பலாமா என்றும் ஓடுகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பாளை ஃபில்டர்

திருச்செந்தூர், மணப்பாடு எல்லாம் தூத்துக்குடி மாவட்டம். இந்தத் தளத்தின் நெல்லைப் பகுதியில் கேட்டிருக்கிறீர்கள்.

தேரிக்காட்டான்

1986 வரைக்கும் ஒரே மாவட்டம்தானே அண்ணாச்சி. இன்றைக்கும் பெரிய ஆஸ்பத்திரி என்றால் பாளை, ஜவுளி என்றால் நெல்லை டவுன் என்று அங்கேதான் வருகிறோம். கேள்விக்கு வாங்க.

கருப்பட்டிக் காப்பி

நான் திருச்செந்தூர். கொரோனாவில் ஊருக்கு வந்தவன், இங்கேயே வேலை பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் காப்பிக்கடை ஆசையை விட்டுவிடுங்கள். இங்கே கடை என்றால் வந்தோம், தின்றோம், எழுந்தோம். இலை எடுப்பதற்குள் பின்னால் அடுத்த குடும்பம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, கோயில் கூட்டத்தை நம்பித்தான் வியாபாரம். ஏசி போட்ட ஹோட்டல்களில் மதியம் மூன்று மணிக்கு மேல் ஐந்து வரை கொஞ்சம் காலியாக இருக்கும். மெயில் பார்க்கலாம். கால் பேச முடியாது.

அடுத்து லாட்ஜ். பலபேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். படத்தில் பால்கனி, பால்கனிக்கு அப்பால் கடல். அறைக்குள் போனால் எழுதுவதற்கு மேஜையே இருக்காது. கண்ணாடிக்குக் கீழே சீப்பு வைக்கிற பலகை ஒன்று, பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று, கட்டிலுக்குத் தலைமாட்டில் ஒரே ஒரு பிளக். அதில் கொசுவர்த்தி மெஷின் சொருகியிருக்கும். வைஃபை வரவேற்பறையில் பிரமாதமாக வரும், மூன்றாம் மாடியில் பெயர் மட்டும் வரும். விடியற்காலை நடை திறக்கும் நேரத்துக்குக் கிளம்புகிறவர்கள் மூன்று மணிக்கே வாளியை உருட்டத் தொடங்கிவிடுவார்கள். ராத்திரி பத்தரைக்கு வேலை முடித்துப் படுக்கிறவருக்கு இது தாங்காது. ஒருநாள் இரண்டுநாள் என்றால் பரவாயில்லை. மாசக்கணக்கு என்றால் வீடுதான்.

வீடு எங்கே பார்ப்பது? கோயிலையும் பஸ் ஸ்டாண்டையும் ஒட்டி வேண்டவே வேண்டாம். ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டி மேற்கே, இல்லையென்றால் காயாமொழி ரோட்டுப் பக்கம் போங்கள். அங்கிருந்து அம்மாவுக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். கடல் தெரியாது. தெரியாத வரைக்கும் நல்லது, ஏன் என்று வேறு யாராவது சொல்வார்கள்.

அப்புறம் காலண்டர். மாசித் திருவிழா பன்னிரண்டு நாள், வைகாசி விசாகம் அதற்கு மேல். விசாகத்துக்குப் பாதயாத்திரைக் கூட்டம் ரோடு முழுக்க வரும், பைக்கை வெளியே எடுக்க முடியாது. 2025 ஜூலை 7 கும்பாபிஷேகத்துக்கு அப்புறம் சாதாரண ஞாயிற்றுக்கிழமையே திருவிழா மாதிரித்தான் இருக்கிறது. அமைதியான கடற்கரை ஊர் என்று திருச்செந்தூரை நினைத்து வராதீர்கள். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு, கிருத்திகை, சஷ்டி எல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சுகிற நாளில் அமைதிதான்.

உவரிக்காரி

தம்பி, உவரியைப் பற்றி நான் சொல்கிறேன். நான் மெடிக்கல் கோடிங் வேலை, வீட்டிலிருந்துதான். ஊர் அழகுதான், சந்தேகமே இல்லை. கப்பல் மாதா கோயில், அந்தோணியார் கோயில், இந்தப் பக்கம் சுயம்புலிங்க சாமி கோயில், மூன்றுக்கும் நடுவில் கடல். செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்குக் கூட்டம் வரும், மற்ற நாளில் நாய்கூடக் குரைக்காது.

ஆனால் வேலை என்று வரும்போது நான் காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு திசையன்விளைக்குப் போய்விடுவேன். அங்கே எங்கள் சித்தி வீட்டு மாடியில் ஒரு அறை. பைக்கில் கால் மணி நேரம். பேங்க், கடை, கம்ப்யூட்டர் ரிப்பேர், ஃபைபர் எல்லாம் அங்கேதான். உவரியில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு பக்கம் கூடங்குளத்தில் ஆயிரம் ஆயிரம் மெகாவாட்டாக இரண்டு உலை ஓடுகிறது, இன்னொரு பக்கம் கண்ணுக்கு எட்டின தூரம் காற்றாடி சுற்றுகிறது, நடுவில் நான் செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சார்ஜர் தேடுகிறேன்.

இன்னொன்று, உப்புக்காற்று. கடலைப் பார்த்த ஜன்னலைத் திறந்துவைத்து வேலை பார்த்தால் ஒரு வருஷத்தில் லேப்டாப்பின் யூஎஸ்பி ஓட்டைக்குள் பச்சையாகப் பிடித்துவிடும். லேப்டாப்புக்குள் இருக்கிற விசிறி ஈரக்காற்றை உள்ளே இழுக்கும், அதோடு உப்பும் போகும். மேலே சொன்ன அண்ணன் கடல் தெரியாத வரைக்கும் நல்லது என்றது இதற்காகத்தான் இருக்கும். நான் வேலை முடிந்ததும் மெஷினைத் துடைத்து, புதுச் செருப்பு டப்பாவில் வருமே அந்தச் சிலிக்கா பொட்டலம், அதை நாலு போட்டு ஜிப் பைக்குள் வைத்துவிடுவேன்.

வண்ணாரப்பேட்டை வாசி

நன்றி அக்கா. தம்பி இல்லை, தங்கச்சி. :)

உவரிக்காரி

அட, சரி! அப்படியானால் வீடு கிடைப்பது சுலபம். தனியாக ஆம்பளைப் பையன் என்றால் இந்தப் பக்கம் கதவே திறக்க மாட்டார்கள். அம்மாவும் மகளும் என்றால் மாடி போர்ஷனைக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் ராத்திரி பத்தரை வரை ஆம்பளைக் குரலோடு இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தால் கீழ்வீட்டில் கேள்வி வரும். முதல் நாளே வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு மீட்டிங்கைக் காட்டிவிடு. எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு "இத்தனை பேரும் ஒனக்குச் சம்பளம் குடுக்காவளா?" என்று கேட்டதோடு சரி.

தேரிக்காட்டான்

வீட்டுக்காரர்கள் "எந்த ஊரு, எந்தத் தெரு, யார் மகன்" என்று வரிசையாகக் கேட்பார்கள். அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். வாடகை பேசும் முன்னால் அதைப் பேசுகிற வீடாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வேறு வீடு கிடைக்கும்.

ஃபைபர் அண்ணாச்சி

நான் கேபிள், ஃபைபர் லைன் பார்க்கிற ஆள். உடன்குடி, பரமன்குறிச்சி சுற்றி. "ஃபைபர் உண்டா" என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், எல்லாரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறே.

ஃபைபர் என்பது கண்ணாடி இழை, உள்ளே வெளிச்சம்தான் போகிறது. எங்கள் ஆபீசில் ஓஎல்டி என்று ஒரு பெட்டி, உங்கள் வீட்டில் ஓஎன்டி என்று ஒரு பெட்டி. நடுவில் போஸ்ட்டில் தொங்குகிற, ஒரு லைனைப் பல வீட்டுக்குப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே வேண்டாம். ஆக இரண்டு முனையிலும் கரண்ட் இருந்தால் தெரு பூரா இருட்டாக இருந்தாலும் உங்களுக்கு நெட் வரும். அதனால் ஏரியா கேபிள்காரரைத் தேடிப்போய், "ஓஎல்டிக்கு பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், ஜெனரேட்டர் உண்டா" என்று கேளுங்கள். மழுப்பினால் அந்தத் தெரு வேண்டாம்.

உங்கள் முனைக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று, உள்ளங்கை அளவு. ஓஎன்டியை அதில் சொருகினால் மூன்று நாலு மணி நேரம் ஓடும். பராமரிப்பு ஷட்டவுன் மாசம் ஒருமுறை வரும், முந்தின நாள் பேப்பரில் போடுவார்கள். காலை ஒன்பதில் இருந்து மதியம் இரண்டு வரை, சில இடத்தில் சாயங்காலம் வரை இழுக்கும்.

செல்போன் ஹாட்ஸ்பாட் இருக்கிறதே என்பீர்கள். கரண்ட் போன உடனே ஊர் பூராவும் வைஃபையை விட்டு டவருக்குத்தான் வரும். முதல் அரை மணி நேரத்திலேயே டவர் திணறும். நீண்ட நேரம் போனால் டவர் பேட்டரியும் இறங்கும். வீடியோ காலுக்கு மணிக்கு ஒரு ஜிபி அளவுக்குப் போகும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வேறு வேறு கம்பெனி சிம் இரண்டு வைத்திருப்பது நல்லது.

கருப்பட்டிக் காப்பி

அண்ணாச்சி, சிக்னல் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஸ்பீட் டெஸ்டில் எல்லாம் நன்றாக வருகிறது, மீட்டிங்கில் மட்டும் முகம் உறைந்து நிற்கிறது.

ஃபைபர் அண்ணாச்சி

லைன்மேன் வரும்போது கையில் சின்ன பவர் மீட்டர் வைத்திருப்பார். ஓஎன்டியில் இருந்து வயரைக் கழற்றி அதில் சொருகச் சொல்லுங்கள். மைனஸ் 20 பக்கம் காட்டினால் அருமை. மைனஸ் 25 என்றால் எங்கேயோ மடங்கியிருக்கலாம். 27, 28 ஆகிவிட்டால் சிவப்பு லைட் விழுந்துவிடும். பாதிப் புகார் வீட்டுக்குள்ளேதான் இருக்கும். பீரோவுக்குப் பின்னால் வயரைச் சுருட்டி நசுக்கி வைத்திருப்பார்கள், இழை மடங்கினால் வெளிச்சம் வெளியே கசியும். வயர் சரி என்றால் ரவுட்டரில் இருந்து நேராக லேன் கேபிள் போட்டு மீட்டிங் போங்கள். ஸ்பீட் டெஸ்ட் மொத்த வேகத்தைத்தான் சொல்லும், நடுநடுவே வைஃபை தடுமாறுவதை அது சொல்லாது.

வெளியே அறுப்பது யார் என்று கேட்டால், முதல் எதிரி அணில். அப்புறம் தென்னை மட்டை, உயரமாக லோடு ஏற்றின லாரி. அறுந்தால் ஒட்டுவதற்கு ஸ்ப்ளைசிங் மெஷின் வர வேண்டும், அது ஏரியாவுக்கு ஒன்றுதான் சுற்றும். இரண்டு முனையையும் தோலுரித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, நேராக வெட்டி உள்ளே வைத்தால், குட்டி ஸ்கிரீனில் இரண்டு கம்பியும் எதிர் எதிரே தெரியும். ஒரு பொறி, ஒட்டிக்கொள்ளும். துடைக்கிற துணியில் ஒரு மணல் துகள் இருந்தால்கூட ஒட்டாது. ஆனி, ஆடியில் தேரிக்காட்டுச் செம்மணல் பறக்கும்போது நாங்கள் ஆட்டோவுக்குள் படுதாவை இறக்கிவிட்டு உட்கார்ந்துதான் ஒட்டுகிறோம். அந்த நேரத்தில் போன் மேல் போன் போட்டு "எப்ப வரும் எப்ப வரும்" என்று கேட்காதீர்கள், அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

பாளை ஃபில்டர்

இதுதான் இந்த விவாதத்திலேயே உருப்படியான பதில். நகல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மணப்பாட்டு மருமகன்

மணப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே. பெண் எடுத்த ஊர், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

மணல்மேட்டு உச்சியில் சிலுவைக் கோயில், 1581இல் கட்டியது. கீழே சவேரியார் தங்கிய குகை, அவர் வந்தது 1542. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கருமேனியாறு வந்து சேர்கிற கழி. பழைய போர்த்துக்கீசிய பாணி வீடுகள் இன்னும் இருக்கின்றன. சாயங்காலம் மேட்டில் ஏறி நின்றால் வேலையாவது மண்ணாவது என்று தோன்றும். அதுதான் பிரச்சினையும்.

காற்றுக்காலத்தில் கைட் சர்ஃபிங்குக்கு வெளியூர்க்காரர்கள் வருவார்கள். அவர்களை நம்பித் தங்குமிடம் கொஞ்சம் வந்திருக்கிறது. லேப்டாப்போடு வருகிறவர்களும் உண்டு. அவர்கள் செய்வது என்னவென்றால், காலையில் அலை, மதியம் அறைக்குள் வேலை. உட்கார்ந்து வேலை பார்க்கிற பொது இடம் என்று ஊருக்குள் ஒன்றும் கிடையாது. மேட்டுக்குக் கடல் பக்கமாக இறங்கினால் என் போனில் சிக்னல் இரண்டு கோடு குறையும்.

இது மீன்பிடிக்கிற ஊர் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். நடுச்சாமத்துக்கு மேல் வள்ளம் கிளம்பும், எஞ்சின் சத்தம் வரும். பகலில் ஆண்கள் தூங்குகிற நேரத்தில் நீங்கள் மாடியில் நின்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு கத்தினால் நன்றாக இருக்காது. செப்டம்பர் 1 முதல் 14 வரை சிலுவைத் திருவிழா, அந்த இரண்டு வாரம் ஒரு அறையும் கிடைக்காது. நீங்கள் வருகிற மாதங்களில் அந்தத் தொல்லை இல்லை. ஏப்ரல் 15இல் இருந்து 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். எங்கள் ஊரில் பெரும்பாலும் நாட்டுப்படகு, அது போய் வரும், ஆனால் மீன் விலை ஏறிவிடும்.

அம்மாவைத் தினமும் பஸ்ஸில் திருச்செந்தூருக்கு அனுப்புவது நடக்கிற காரியம் இல்லை. சித்திரை வெயில், குலசை (குலசேகரன்பட்டினம்) வழியாக வருகிற பஸ், நிற்க இடம் இருக்காது. அதை விடுங்கள்.

சும்மா பார்ப்பவன்

எனக்கு ஒன்று புரியவில்லை. பாளையில் நல்ல வீடு, ஏசி, நெட் எல்லாம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போய், கடல் தெரியாத வீட்டில் ஜன்னலை மூடிக்கொண்டு வேலை பார்க்கவா?

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். குலசையில் ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள், 2,200 ஏக்கருக்கு மேல் எடுத்தார்கள். அதிலிருந்தே சுற்று வட்டாரத்தில் மனை விலை கேட்க முடியவில்லை. இதில் மாசச் சம்பளக்காரர்கள் வந்து கேட்ட வாடகையைக் கொடுத்தால், உள்ளூர் டீச்சரும் நர்ஸும் எங்கே போவார்கள்? கேரளாவில் வர்க்கலா பக்கம் போய்ப் பாருங்கள், பாறை மேலே வரிசையாக ஓட்டலும் ரிசார்ட்டும்தான்.

கருப்பட்டிக் காப்பி

பாதி ஒத்துக்கொள்கிறேன். வாடகையைப் பேரம் பேசாமல் கொடுக்கிறவர்களால்தான் எங்கள் தெருவிலேயே ஏறியது. ஆனால் ஊர்ப் பிள்ளைகள் திரும்பி வருவதும் இதில்தான் நடக்கிறது. எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் இப்படி வந்து வேலை பார்க்கிறோம். எல்லாரும் சென்னையில் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் சோஹோ 2011இல் ஆபீஸ் போட்டபோதும் கிராமத்தில் என்ன சாஃப்ட்வேர் என்றுதான் கேட்டார்கள்.

பேரம் பேசுங்கள் தங்கச்சி. உள்ளூர் வாடகை என்ன என்று பலசரக்குக் கடையில் கேட்டுவிட்டு அப்புறம் வீட்டுக்காரரிடம் போங்கள்.

காயல் காற்று

கோவர்க்கிங் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஒழுங்கான ஒன்று வேண்டும் என்றால் இப்போதைக்குத் திருநெல்வேலி அல்லது தூத்துக்குடிதான். தூத்துக்குடியில் மினி டைடல் பார்க் 2024 டிசம்பர் கடைசியில் திறந்தார்கள், அது கம்பெனிகளுக்கானது, ஒற்றை ஆளுக்கு மேஜை கிடைக்கிற இடம் இல்லை. சென்னை கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் என்று 2024 நவம்பரில் ஒன்று திறந்தார்களே, ஒரே கட்டடத்தில் படிப்பகமும், குறைந்த கட்டணத்தில் மேஜையும். அந்த மாதிரி ஒன்றைத் திருச்செந்தூரில் போட்டால் பக்தர் கூட்டத்தில் வேலைக்காரர்களும் பிழைத்துக்கொள்வார்கள். நகராட்சிக்கு மனு கொடுக்க ஆள் சேர்ந்தால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

கிளை நூலகம் இருக்கிறது, அமைதியாகவும் இருக்கும். ஆனால் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையிலேயே இடம் பிடித்துவிடுவார்கள். பிளக் தேடி அவர்களை எழுப்பாதீர்கள். வாய் திறக்காத வேலை என்றால் மட்டும் போங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.

எங்கள் காயல்பட்டினத்தையும் யோசிக்கலாம். திருச்செந்தூருக்குப் பக்கம்தான், பஸ்ஸும் ரயிலும் உண்டு, கடற்கரை அகலம், சாயங்காலம் குடும்பம் குடும்பமாக வந்து உட்காருவார்கள், பெண்கள் தைரியமாக வரலாம். தெருக்கள் அமைதி. அம்மா சைவம் என்றால் சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டில் சமைக்க வேண்டிவரும்.

வண்ணாரப்பேட்டை வாசி

அம்மா சைவம் இல்லை, மண்டலம் முடிகிற வரைக்கும் மட்டும் சைவம். எனக்கு இப்போதே வட்டலப்பம் நினைப்பு வந்துவிட்டது.

ஒரு வேளை பிடித்துப்போய் வருஷம் முழுக்க இருந்துவிட்டால்?

காயல் காற்று

ஐப்பசியில் இருந்து மார்கழி வரை ஒரு மாற்று ஏற்பாடு இல்லாமல் இருக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18இல் எங்கள் ஊரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷத்துக்கான மழை ஒரு ராத்திரியில் விழுந்தது. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது, எண்ணூறு பேர் வரை உள்ளே. ரோடு இல்லை, கரண்ட் இல்லை, போன் இல்லை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் வீட்டுக்குப் பேச முடியாமல் நாள்கணக்கில் தவித்தார்கள். அந்த நேரத்தில் யாருக்கும் லாகின் பண்ணுகிற நினைப்பே இல்லை, மாடியில் அரிசியை ஏற்றுகிற வேலைதான். மேனேஜருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டிய விஷயம் இது. மழைக்காலத்தில் பாளை வீட்டைக் காலி பண்ணாமல் வைத்திருங்கள்.

தேரிக்காட்டான்

எல்லாரும் நெட்டைப் பற்றியும் கரண்டைப் பற்றியும் பேசுகிறீர்கள், பெரிய விஷயத்தை விட்டுவிட்டீர்கள். பங்குனி, சித்திரை, வைகாசி. கோயில் கொடைத் திருவிழா!

இந்தப் பக்கம் எந்த ஊரில் வீடு எடுத்தாலும் சுற்றி நாலு அம்மன், இரண்டு சுடலைமாடன், ஒரு ஐயனார் உண்டு. அம்மனுக்குச் செவ்வாய், சுடலைக்கு வெள்ளி என்று கொடை வரிசையாக வரும். பந்தக்கால் நட்ட அன்றைக்கே குழாய் ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் கட்டிவிடுவார்கள். எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவார்கள் என்றால், உங்கள் ஜன்னலைப் பார்த்துத்தான். கொடை அன்றைக்கு வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், சாமி வேட்டைக்குப் போய் வருவது, அடுத்த நாள் மஞ்சள் நீராட்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் வருஷத்தில் இருந்தே விதி இருக்கிறது. உங்கள் ஷிப்ட் பத்தரைக்கு முடிகிறது. ஆக விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலும் உங்களுக்குப் பிரயோசனம் அரை மணி நேரம்தான்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் தெருவில் கோயில் வரி பிரிக்கிறவர் யார் என்று விசாரித்து, கொடை என்றைக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்டதுமே வரியும் கேட்பார், கொடுத்துவிடுங்கள். வரி கொடுத்த வீட்டுக்காரி "அண்ணே, ஆறு மணிக்கு ஒரு மீட்டிங்" என்று சொன்னால் ஒரு மணி நேரம் சவுண்டைக் குறைக்கிறவர்கள் உண்டு, நானே பார்த்திருக்கிறேன். போலீசுக்குப் போன் போட்டால் அடுத்த வருஷம் இரண்டு குழாய் கட்டுவார்கள்.

உவரிக்காரி

மஞ்சள் நீராட்டு அன்றைக்கு லேப்டாப்பை வாசல் பக்கம் கொண்டுவராதே, அவ்வளவுதான் சொல்வேன்.

மணப்பாட்டு மருமகன்

தசராவையும் சேருங்கள். நீங்கள் புரட்டாசி வரை இருக்கப்போவதில்லை என்றாலும் படிக்கிற மற்றவர்களுக்காக. குலசை முத்தாரம்மனுக்கு வேடம் கட்டுகிறவர்கள் சுற்று வட்டாரம் முழுக்கத் தாரை தப்பட்டையோடு காணிக்கை பிரிப்பார்கள். என் மச்சான் ஒரு இன்டர்வியூவில் இருக்கும்போது காளி வேடம் போட்டவர் ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டினார். ஹைதராபாத்தில் இருந்து கேள்வி கேட்ட அம்மாவுக்கு அதற்கப்புறம் தசராவைப் பற்றித்தான் கேள்வி. வேலை கிடைத்தது, அம்மன் அருளோ என்னவோ.

பாளை ஃபில்டர்

ஒரு சின்னக் கணக்கு. லண்டன்காரர்கள் மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அதற்கப்புறம் உங்கள் லாகின் பன்னிரண்டரை, முடிவு ஒன்பதரை. காலை முழுக்க உங்கள் கையில். அதனால் கடலோரம் மேஜை தேடுவதை விட்டுவிட்டு, விடிந்ததும் கடலுக்குப் போய்விட்டு வெயில் ஏறுமுன் வீடு திரும்புங்கள். இந்தக் கரையில் சூரியன் கடலில்தான் உதிக்கும். பங்குனி, சித்திரையில் ரோட்டோரம் காலையிலேயே பதநீர் கிடைக்கும், ஒன்பது மணிக்குள் தீர்ந்துவிடும்.

மீட்டிங் அதிகமான நாள், ஆடிட் நாள் மாதிரி பெரிய நாள் எதுவும் வந்தால் முந்தின நாளே பாளைக்கு வந்துவிடுங்கள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தானே.

வண்ணாரப்பேட்டை வாசி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு நாள் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

மணப்பாடு மேட்டில் ஏறி நின்றேன், மருமகன் அண்ணன் சொன்னதன் அர்த்தம் புரிந்தது. அங்கே லீவு போட்டுவிட்டுத்தான் போவேன். காயல்பட்டினத்தில் ஒரு வீடு ரொம்பப் பிடித்திருந்தது, அம்மாவுக்குக் கோயில் தூரம் என்று மனசு ஒப்பவில்லை. கடைசியில் திருச்செந்தூரிலேயே ஸ்டேஷனுக்கு மேற்கே ஒரு மாடி வீடு. கடல் தெரியாது, மொட்டை மாடியில் ஏறினால் கோபுரம் தெரிகிறது, அம்மாவுக்கு அதுவே போதும் என்றாகிவிட்டது. கேபிள்காரரிடம் ஓஎல்டி பேட்டரி எத்தனை மணி நேரம் என்று கேட்டேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டு, "நீங்க எந்தக் கம்பெனியிலம்மா லைன் பாக்கிய?" என்றார். ஆறு மணி நேரம், அப்புறம் ஜெனரேட்டராம். மீட்டரில் மைனஸ் 21 காட்டியது.

கொடை தேதியும் வாங்கிவிட்டேன். பங்குனியில் ஒன்று, சித்திரையில் இரண்டு. வரி கொடுத்தாயிற்று, ரசீதும் தந்தார்கள். அந்த மூன்று செவ்வாயும் பாளையில்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். வீட்டில் இன்வெர்ட்டர் இல்லை. மினி யூபிஎஸ் வாங்கிவிட்டேன். லேப்டாப் மூன்று மணி நேரம் தாங்கும். மூன்று மாசத்துக்காகப் பெரிய பேட்டரி வாங்கத்தான் வேண்டுமா? இன்னொன்று, சார்ஜர் போட்டிருக்கும்போது லேப்டாப் மூடியைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது. இது ஏன்?

ஃபைபர் அண்ணாச்சி

பேட்டரி வாங்காதீர்கள் தாயி. ஷட்டவுன் அன்றைக்கு மதியத்துக்கு மேல்தானே உங்களுக்கு வேலை, லேப்டாப் சார்ஜே போதும். டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறுகிற லேப்டாப் என்றால் 65 வாட் கொடுக்கிற பவர் பேங்க் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஊருக்குத் திரும்பின பிறகும் உதவும். பேன் ஓடவில்லையே என்றால் அது வேறு கதை, அதற்கு விசிறிதான்.

சுர்ரென்று இருக்கிறது என்றால் பெரும்பாலும் வீட்டில் எர்த் சரியில்லை. கடலோரத்தில் எர்த் கம்பி உப்பில் அரித்துப்போயிருக்கும், பல வீட்டில் பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவது ஓட்டைக்கு வயரே இருக்காது. வீட்டுக்காரரிடம் சொல்லி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். அது வரைக்கும் சார்ஜரைக் கழற்றிவிட்டு வேலை பாருங்கள், செருப்புப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். எர்த் போட்டுத் தர மாட்டேன் என்றால் செலவை வாடகையில் கழித்துக்கொள்வதாகப் பேசுங்கள், அட்வான்ஸ் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உவரிக்காரி

வீட்டுக்காரர் யாரென்று தனியாக மெசேஜில் சொல்லு. எங்கள் சித்தப்பா மகன் திருச்செந்தூரில் எலெக்ட்ரீஷியன்தான், ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறேன்.